கார் ஷெட் காவல் விளக்குகளுக்குத் தனித்தனி சுவிட்ச்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

நம் ஊர் வீடுகளில் கார் ஷெட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு விளக்குகள் இருக்கின்றன. ஒன்று முன்பக்கத்து ஷட்டரையும் கேட்டையும் பார்த்து எரியும். மற்றொன்று பக்கவாட்டுச் சந்துப் பாதையையோ பின்புறத்து மோட்டார் அறையையோ பார்த்து எரியும். வீடு கட்டும்போது இரண்டையும் ஒரே சுவிட்சில் கொடுத்துவிடுகிறார்கள். பிற்பாடு, முன்விளக்கு இரவு முழுவதும் எரியட்டும், பக்கத்து விளக்கு ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிந்தால் போதும் என்று வீட்டுக்காரர் நினைக்கும்போது தனித்தனி சுவிட்ச் தேவைப்படுகிறது. ஒரு சுவிட்சும் ஒரு ஒயரும் கூடுதலாகப் போட்டால் முடிந்துவிடக்கூடிய வேலைதான் இது. ஆனாலும், வீடுகளுக்கு ஒயரிங் செய்தும் பிறர் செய்ததைத் திருத்தியும் வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வேலைக்குப் பிறகு வரும் புகார்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை, எந்த ஒயர் எந்த வேலையைச் செய்கிறது என்பதை முன்கூட்டியே உறுதி செய்யாமல், நிறத்தை மட்டும் நம்பி வெட்டியதாலும் இணைத்ததாலும் வந்தவை.

கீழே உள்ளவை அறிகுறி வாரியாக எழுதப்பட்டவை. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு பகுதிகளைத் தவறாமல் படித்துவிட வேண்டும்.

சரியான இணைப்பு எப்படி இருக்க வேண்டும்

பழைய அமைப்பில், சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு சுவிட்ச் ஒயரும் ஒரு நியூட்ரலும் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) முதல் விளக்குக்குப் போகும். அங்கிருந்து அதே இரண்டும் லூப் எடுக்கப்பட்டு இரண்டாவது விளக்குக்குப் போகும். சுவிட்ச் ஒயர் என்று நான் இங்கே குறிப்பிடுவது, சுவிட்சின் வெளிமுனையிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரை. சுவிட்ச் போட்டால் மட்டும் அதில் ஃபேஸ் (உள்ளே வரும் கரண்ட்) வரும்.

புதிய அமைப்பில், போர்டுக்கு வரும் ஒரே ஃபேஸ் இரண்டு சுவிட்சுகளின் உள்முனைகளுக்கும் லூப் செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு சுவிட்சின் வெளிமுனையிலிருந்தும் ஒரு தனி ஒயர் அதனதன் விளக்குக்குப் போக வேண்டும். நியூட்ரல் மட்டும் இரண்டு விளக்குகளுக்கும் பொதுவாக இருக்கலாம், ஆனால் அது அந்த ஃபேஸ் வரும் அதே சர்க்யூட்டின் நியூட்ரலாக இருந்தாக வேண்டும். உலோக உடல் கொண்ட ஃப்ளட் லைட் என்றால் எர்த் கட்டாயம். ஆக, போர்டுக்கும் ஷெட்டுக்கும் இடையே உள்ள பைப்பில் இரண்டு சுவிட்ச் ஒயர், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என நான்கு ஒயர்கள் ஓட வேண்டும். இதற்கு 1.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் தாராளமாகப் போதும். விளக்கு சர்க்யூட் ஒன்றுக்குப் பத்துப் பாயின்ட், 800 வாட் என்ற வரம்பைப் பொறுத்தவரை, 20 அல்லது 30 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு சுமையே அல்ல.

இந்த மாற்றத்தின் உயிர்நாடி ஓர் இடத்தில் இருக்கிறது. முதல் விளக்கிலிருந்து இரண்டாவது விளக்குக்குப் போகும் பழைய லூப்பில் சுவிட்ச் ஒயரை மட்டும் பிரிக்க வேண்டும். நியூட்ரலை அப்படியே விட வேண்டும். பிரிக்க வேண்டியதைப் பிரிக்காமல் விட்டால் ஒரு வகைக் கோளாறும், பிரிக்கக் கூடாததைப் பிரித்துவிட்டால் இன்னொரு வகைக் கோளாறும் வருகின்றன. கீழே வரும் அறிகுறிகளில் பல இந்த ஒரே முடிச்சிலிருந்து கிளம்புபவை.

கை வைப்பதற்கு முன்

டி.பி. பெட்டியில் (வீட்டின் எல்லா சர்க்யூட்டுகளும் பிரியும் பெட்டி) அந்த சர்க்யூட்டின் எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) மட்டும் இறக்கினால் போதாது. மெயினையும் இறக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக நிறுத்த வேண்டும். மெயினை இறக்கிய நொடியில் இன்வெர்ட்டர், கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு தன் பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கும் என்பதை மறந்து, ஏணி மேல் நின்றுகொண்டு அதிர்ச்சி வாங்கியவர்கள் உண்டு.

சோதிக்கும் கருவியையும் சோதிக்க வேண்டும். கரண்ட் இருப்பது உறுதியான ஒரு பிளக் பாயின்டில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மீண்டும் முதல் இடத்தில் வைத்து அது இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். மெயினை இறக்கிய பிறகு வீட்டில் கரண்ட் உள்ள பாயின்ட் இருக்காது என்பதால், முதல் சோதனையை இறக்குவதற்கு முன்பும், கடைசிச் சோதனையை வேலை தொடங்குவதற்கு முன் மெயினை ஒருமுறை ஏற்றியும் செய்யலாம். பிறகு மறுபடி இறக்கிவிட வேண்டும்.

டெஸ்டரின் நியான் விளக்கு மிகக் குறைந்த கரண்டிலேயே எரிந்துவிடும். அதனால் பக்கத்து ஒயரிலிருந்து தூண்டப்பட்ட மின்னழுத்தத்துக்கும் அது எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் இப்படித்தான், எங்கும் இணையாத ஒயரில்கூட 40, 60 வோல்ட் என்று காட்டும். உண்மையைச் சொல்வது டெஸ்ட் லாம்ப். ஒரு ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பைப் போட்டு, இரண்டு ஒயர் எடுத்து, ஒன்றை ஃபேஸிலும் மற்றொன்றை நியூட்ரலிலும் வைத்தால், உண்மையான சப்ளை இருந்தால் மட்டுமே முழு வெளிச்சத்தோடு எரியும். ஆனால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) உள்ள வீட்டில் இந்த டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைக்கக் கூடாது. 40 வாட் பல்பு ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்து, இல்லாத பழுதை இருப்பதாக நினைக்கவைக்கும்.

கரண்ட் இருக்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளையும், டி.பி. பெட்டிக்குள் செய்ய வேண்டிய எந்த வேலையையும், கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் பெற்றவரிடம் விட்டுவிடுவதே முறை. அறிகுறியை நீங்கள் சரியாகக் கவனித்து அவரிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: முதல் சுவிட்சைப் போட்டால்தான் இரண்டாவது சுவிட்ச் வேலை செய்கிறது

முன்விளக்கு தனியாக எரிகிறது; பக்கத்து விளக்கு மட்டும், முன்விளக்கும் எரியும்போதுதான் எரிகிறது. இது இருப்பதிலேயே எளிய பிழை. இரண்டாவது சுவிட்சுக்குப் போகும் ஃபேஸ் லூப்பை, முதல் சுவிட்சின் உள்முனையிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக வெளிமுனையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். முதல் சுவிட்ச் அணைந்திருக்கும்போது இரண்டாவதற்கு ஃபேஸே வராது. சப்ளையை நிறுத்தி, போர்டைத் திறந்து, அந்தச் சிறிய லூப் ஒயரை மேல்முனைக்கோ கீழ்முனைக்கோ, நேரடி ஃபேஸ் எங்கே வருகிறதோ அங்கே மாற்றினால் சரியாகிவிடும். திருகை இறுக்கிய பிறகு ஒயரைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மாடுலர் சுவிட்சுகளில் ஒரே துளையில் இரண்டு ஒயர்களைச் செருகும்போது, ஒன்றை மட்டும் திருகு கவ்விக்கொண்டு மற்றொன்று சும்மா நிற்பது அடிக்கடி நடக்கிறது.

அறிகுறி: எந்த சுவிட்சைப் போட்டாலும் இரண்டு விளக்குகளும் எரிகின்றன

பழைய சுவிட்ச் ஒயர் லூப் பிரிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது என்பதே இதன் பொருள். போர்டில் இரண்டு தனி ஒயர்கள் வெளியே போனாலும், ஷெட்டின் உச்சியில் உள்ள ஜங்ஷன் பாக்ஸிலோ முதல் விளக்கின் கனெக்டரிலோ அவை இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

உறுதி செய்ய, சப்ளையை நிறுத்தி, இரண்டு சுவிட்ச் ஒயர்களையும் சுவிட்சுகளிலிருந்து கழற்றி, விளக்குகளையும் இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து அந்த இரண்டு ஒயர் முனைகளையும் தொடுங்கள். ஒலி வந்தால் இரண்டும் எங்கோ சேர்ந்திருக்கின்றன. விளக்கைக் கழற்றாமல் இந்தச் சோதனையைச் செய்தால், விளக்கின் வழியாகவும் நியூட்ரல் வழியாகவும் சுற்றி வரும் பாதை குழப்பிவிடும்.

சேர்ந்திருக்கும் இடம் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாத ஓர் ஒட்டில் இருக்கும். ஒருமுறை நான் திறந்த ஜங்ஷன் பாக்ஸில், எறும்புப் புற்று மண்ணுக்கு நடுவே, டேப் சுற்றிய ஒரே ஒரு முடிச்சு இருந்தது. டேப்பின் பசை வெயிலில் உருகி, கறுப்புத் தார்போல் விரலில் ஒட்டியது. பிரித்துப் பார்த்தபோது உள்ளே மூன்று ஒயர்கள் முறுக்கப்பட்டிருந்தன. போர்டிலிருந்து வந்த பழைய ஒயர், முதல் விளக்குக்குப் போவது, இரண்டாவது விளக்குக்குப் போவது. புதிதாக இழுத்த ஒயரை இரண்டாவது விளக்கின் முனையில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்களே தவிர, இந்த முடிச்சிலிருந்து அதன் பழைய ஒயரைப் பிரிக்கவே இல்லை. பிரித்து, அந்த முனைக்குத் தனியாக மூடி போட்டதும் கோளாறு தீர்ந்தது. தாமிரம் பச்சை பூத்திருந்ததால், பளபளப்பான இடம் வரும் வரை வெட்டி, முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாகத் திருகு கனெக்டரில் இணைத்தேன்.

இந்த அறிகுறியை, எப்படியோ எரிகிறதே என்று விட்டுவைப்பது ஆபத்து. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் இரண்டு சுவிட்சுகளும் இரண்டு வேறு ஃபேஸ்களிலிருந்து வந்திருந்தால், இந்தப் பிரிக்கப்படாத லூப் வழியாக இரண்டு ஃபேஸ்கள் நேருக்கு நேர் மோதும். அவற்றுக்கு இடையே உள்ள மின்னழுத்தம் ஏறத்தாழ 400 வோல்ட். இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாகப் போடும் முதல் இரவிலேயே எம்.சி.பி. பெரும் ஓசையுடன் விழும். சுவிட்சின் உள்ளே கரி படியும். ஆகவே காவல் விளக்குகள் இரண்டும் ஒரே ஃபேஸிலும் ஒரே எம்.சி.பி.யிலும் இருப்பதே என் பரிந்துரை.

அறிகுறி: புதிய சுவிட்சைப் போட்டவுடன் எம்.சி.பி. விழுகிறது

சுவிட்சைத் தொடாத வரை எல்லாம் நன்றாக இருக்கிறது. தொட்டால் படாரென்று விழுகிறது. நியூட்ரலைச் சுவிட்ச் ஒயர் என்று நினைத்துச் சுவிட்சின் வெளிமுனையில் இணைத்துவிட்டார்கள். சுவிட்ச் போட்ட கணத்தில் ஃபேஸும் நியூட்ரலும் எந்தச் சுமையும் இல்லாமல் சேர்ந்துவிடுகின்றன.

இந்தத் தவறு நேர்வதற்குக் காரணம் நிறம். முறைப்படி ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றில் ஒன்று, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் சிவப்புச் சுருள் தீர்ந்துபோனால், மீதமுள்ள கறுப்பையே சுவிட்ச் ஒயராக இழுத்துவிடுவது சாதாரணம். போர்டைத் திறந்தால் மூன்று கறுப்பு ஒயர்கள் நிற்கும். ஒன்று அதே போர்டில் உள்ள 5 ஆம்பியர் பிளக் பாயின்டின் நியூட்ரல், ஒன்று ஷெட் விளக்கின் சுவிட்ச் ஒயர், ஒன்று எங்கேயும் போகாமல் பைப்பில் விடப்பட்ட உபரி. மூன்றையும் பார்த்து மட்டும் பிரித்தறிய யாராலும் முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். சப்ளையை நிறுத்தி, சந்தேகத்துக்குரிய ஒயர்கள் அனைத்தையும் கழற்றித் தனித்தனியே அகற்றி வையுங்கள். ஷெட்டில் விளக்குக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் கழற்றி, அவற்றில் ஒன்றை அங்கேயே எர்த் ஒயரோடு தற்காலிகமாக முறுக்கி, போர்டில் எர்த்துக்கும் ஒவ்வொரு கறுப்பு ஒயருக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒலி எழுப்பும் ஒயர் எதுவோ அதுவே ஷெட்டில் நீங்கள் முறுக்கிய ஒயர். டி.பி.யிலும் மின்வாரிய இணைப்பிலும் நியூட்ரலும் எர்த்தும் எங்கோ சேர்ந்திருக்கக்கூடும் என்பதால், இந்தச் சோதனையின்போது மெயின் இறங்கியே இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் வகையாக இருக்க வேண்டும். முடிந்ததும் முறுக்கை மறக்காமல் பிரித்துவிட்டு, கண்டுபிடித்த சுவிட்ச் ஒயர்களின் இரு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்தப் போர்டைத் திறப்பவருக்கு அந்தச் சிவப்பு டேப் பெரிய உதவி.

அறிகுறி: இரண்டாவது விளக்கு எரியவே இல்லை, ஆனால் டெஸ்டர் இரண்டு முனையிலும் எரிகிறது

விளக்கின் ஒரு முனையில் டெஸ்டர் எரிவது இயல்பு. இரண்டு முனையிலும் எரிந்தால், இரண்டிலும் ஃபேஸ் வந்துவிட்டதாகப் பலர் நினைத்துக் குழம்புகிறார்கள். உண்மையில் வந்திருப்பது ஒரே ஃபேஸ்தான். நியூட்ரல் அறுந்துபோய்விட்டதால், விளக்கின் வழியாக வந்த ஃபேஸ் மறுமுனையில் போக வழியின்றி நிற்கிறது. டெஸ்டர் அதைக் காட்டுகிறது. விளக்கைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஒரு முனையில் மட்டும் எரியும். நியூட்ரல் அறுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

லூப்பைப் பிரிக்கும்போது சுவிட்ச் ஒயரோடு நியூட்ரலையும் சேர்த்து வெட்டிவிட்டதால் வரும் பிழை இது. முதல் விளக்கின் கனெக்டருக்குப் போய், இரண்டாவது விளக்குக்கான நியூட்ரலை மீண்டும் அங்கே சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் சிலர் குறுக்கு வழி தேடி, எர்த் ஒயரையே நியூட்ரலாகக் கொடுத்து விளக்கை எரியவைத்துவிடுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யக் கூடாது. ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழும், அதனால் பிழை உடனே தெரிந்துவிடும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் விளக்கு எரியும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் எர்த் குழி காய்ந்தோ இணைப்பு துருப்பிடித்தோ போகும் நாளில், எர்த் கொடுத்த உலோகப் பொருட்கள் அத்தனையிலும், வாஷிங் மெஷினிலும் கிரைண்டரிலும்கூட, அந்த விளக்கின் வழியாக ஃபேஸ் வந்து நிற்கும்.

அறிகுறி: இரண்டும் மங்கலாக எரிகின்றன, அல்லது விட்டுவிட்டு மின்னுகின்றன

லூப்பை வெட்டிய பிறகு, முதல் விளக்கின் நியூட்ரல் முனையிலிருந்து இரண்டாவது விளக்கின் ஃபேஸ் முனைக்கு ஒயர் போயிருக்கிறது. அதாவது இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைந்துவிட்டன. குண்டு பல்பு என்றால் இரண்டும் பாதி மின்னழுத்தத்தில் செந்நிறமாக எரியும். எல்.இ.டி. விளக்குகளில் டிரைவர் (விளக்குக்கு ஏற்ற கரண்டை மாற்றித் தரும் உள் சர்க்யூட்) தொடங்குவதும் நிற்பதுமாக மின்னும். ஒவ்வொரு விளக்கும் தனக்கான சுவிட்ச் ஒயரையும் பொது நியூட்ரலையும் நேரடியாகப் பெறுகிறதா என்று பார்த்துத் திருத்துங்கள். ஒரு விளக்கு மட்டும் மின்னினால், அது பெரும்பாலும் தளர்ந்த நியூட்ரல் அல்லது டிரைவர் கெட்டுப்போன விளக்கு. விளக்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: அணைத்த பிறகும் விளக்கு மினுக்கென்று எரிகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

முதலாவது, சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. சுவிட்சை அணைத்தாலும் விளக்கில் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கிறது. சுவிட்சை அணைத்து வைத்து அதன் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வையுங்கள். டி.பி.யிலிருந்து வரும் முனையில் எரிந்து, விளக்குப் பக்கத்து முனையில் எரியாவிட்டால் இணைப்பு சரி. தலைகீழாக இருந்தால் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கின்றன. மினுக்குவதைவிட இதில் கவலைப்பட வேண்டியது, சுவிட்ச் அணைந்திருக்கிறது என்று நம்பி விளக்கைத் துடைக்கப் போகிறவரின் உயிர். உடனே மாற்ற வேண்டும்.

இரண்டாவது, சுவிட்சிலேயே உள்ள சின்ன இண்டிகேட்டர். அது எரிய வேண்டுமானால் சுவிட்ச் அணைந்திருக்கும்போது ஒரு நுண்ணிய கரண்ட் விளக்கின் வழியாக ஓடியாக வேண்டும். குண்டு பல்பு அதைப் பொருட்படுத்தாது, எல்.இ.டி. விளக்கோ அந்தச் சிறு கரண்டைத் தன் கண்டென்சரில் சேர்த்து வைத்துக்கொண்டு சில நொடிகளுக்கு ஒருமுறை மின்னும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும்.

மூன்றாவதுதான் தனி சுவிட்ச் போட்ட பிறகு புதிதாக முளைப்பது. முன்விளக்கை எரியவிட்டால் மட்டும் பக்கத்து விளக்கு மங்கலாகத் தெரிகிறது. இரண்டையும் அணைத்தால் அதுவும் அணைகிறது. இரண்டு சுவிட்ச் ஒயர்களும் ஒரே பைப்பில் நெடுந்தூரம் ஒட்டி ஓடுவதால், ஃபேஸ் உள்ள ஒயரிலிருந்து அணைந்துள்ள ஒயருக்கு, நடுவில் உள்ள இன்சுலேஷனையே கண்டென்சராகக் கொண்டு நுண்ணிய கரண்ட் தாவுகிறது. ஒயரிங்கில் பிழை எதுவும் இல்லை, ஆபத்தும் இல்லை. தொந்தரவாக இருந்தால், அந்த விளக்கின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே, 275 வோல்ட் ஏ.சி. எக்ஸ்2 வகையைச் சேர்ந்த 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றைப் போடலாம். எக்ஸ்2 வகை என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். மின்விசிறிக்காக வைத்திருக்கும் கண்டென்சரை எடுத்துப் போடக் கூடாது.

அறிகுறி: ஆர்.சி.சி.பி. விழுகிறது

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த அறிகுறிக்குத் தீர்வு தேடிக் களைத்துப்போய், ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மழையில் நனையும் இடத்தில் இருக்கும் விளக்குக்கு அந்தக் கருவிதான் காவல்.

ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு கணக்கு. ஃபேஸ் வழியாக எவ்வளவு கரண்ட் வெளியே போனதோ, அவ்வளவும் தன் நியூட்ரல் வழியாகத் திரும்ப வந்ததா என்று பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் விழுந்துவிடும். 15க்கு மேல் எந்த இடத்திலும் விழலாம்.

சுவிட்சைப் போட்டால் மட்டும் விழுகிறது என்றால், நியூட்ரல் கடன் வாங்கப்பட்டிருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள். ஷெட்டுக்கு அருகே உள்ள மோட்டார் அறையிலோ படிக்கட்டு விளக்கிலோ கைக்கு எட்டும் நியூட்ரலை எடுத்துப் புதிய விளக்குக்குக் கொடுத்திருப்பார்கள். ஃபேஸ் ஓர் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறது, நியூட்ரல் வேறொன்றின் வழியாகவோ எதன் வழியாகவும் இல்லாமலோ திரும்புகிறது. 20 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 90 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஆகவே உடனே விழும். அதே இடத்தில் அரை வாட் எல்.இ.டி. இரவு பல்பைப் போட்டால் விழாது. இதனால் விளக்கில்தான் பழுது என்று முடிவு கட்டி இரண்டு மூன்று விளக்குகளை மாற்றியவர்கள் உண்டு. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் கடன் வாங்கிய நியூட்ரலுக்கு அது விழாது, ஆனால் தவறு தவறுதான்: ஒரு சர்க்யூட்டின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு அதன் நியூட்ரலைப் பிரிப்பவருக்கு, மற்ற சர்க்யூட்டின் கரண்ட் அந்த முனையில் அதிர்ச்சியாகக் காத்திருக்கும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளிலும் இதே கதைதான். கரண்ட் போனாலும் காவல் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக அதன் ஃபேஸை மட்டும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிட்டு, நியூட்ரலைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். ஃபேஸ் எந்த வழியில் போகிறதோ, நியூட்ரலும் அதே வழியில் திரும்பும்படி இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எந்த சுவிட்சையும் போடாமலே, வீட்டில் வேறு ஏதாவது ஓடும்போது விழுகிறது என்றால், ஷெட் சர்க்யூட்டின் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. விளக்கின் உலோக மூடியை மாட்டும்போது நியூட்ரல் ஒயர் நசுங்கியிருப்பதோ, கேங் பாக்ஸின் (சுவிட்சுகள் பொருத்தும் பெட்டி) திருகு ஒயரைத் துளைத்திருப்பதோ பெரும்பாலும் காரணம். இங்கே எம்.சி.பி.யை இறக்கிப் பார்த்துப் பயனில்லை. ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. பழுது இருப்பதோ நியூட்ரலில். மெயினை இறக்கி, டி.பி.யின் நியூட்ரல் பட்டையிலிருந்து அந்த சர்க்யூட்டின் நியூட்ரலைக் கழற்றிவிட்டு மீண்டும் ஏற்றும்போது ஆர்.சி.சி.பி. விழாமல் நின்றால், பழுது இந்த சர்க்யூட்டில்தான். அதன்பின் மெயினை மறுபடி இறக்கி, 500 வோல்ட் மெக்கரைக் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) கொண்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் 1 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். அளப்பதற்கு முன் எல்.இ.டி. விளக்குகளையும் சென்சாரையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அளவும் தவறும், அவையும் கெடும்.

அறிகுறி: சென்சார் விளக்கு சொன்னபடி கேட்பதில்லை

ஆள் நடமாட்டத்தைக் கண்டு எரியும் சென்சாருக்கு மூன்று ஒயர்கள் உண்டு: ஃபேஸ் உள்ளே, நியூட்ரல், விளக்குக்குப் போகும் ஃபேஸ். நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம் என்பதால் உடன்வரும் தாளைப் பார்த்தே இணைக்க வேண்டும். சுவிட்ச் போட்டதும் அது நிதானத்துக்கு வர அரை நிமிடம்போல் எடுத்துக்கொள்ளும். அதுவரை விளக்கு எரிவது பிழை அல்ல.

அரை நிமிடத்துக்குப் பிறகும் அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், விளக்கின் ஒயர் சென்சாரின் உள்முனையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்சாருக்குள் ‘டிக்’ என்ற ரிலே ஓசை கேட்டும் விளக்கு எரியாவிட்டால், சென்சார் தன் வேலையைச் செய்துவிட்டது. பழுது விளக்கின் நியூட்ரலில் அல்லது விளக்கில். எரிந்து, அணைந்து, மீண்டும் தானே எரிந்தால், அந்த விளக்கின் வெப்பமோ ஏ.சி. வெளி யூனிட்டின் சூடான காற்றோ சென்சாரின் முகத்தில் படுகிறது. பகல் இரவு அறிந்து எரியும் வகையில், விளக்கின் வெளிச்சமே சென்சார் மேல் விழுந்தால், விடிந்துவிட்டதாக எண்ணி அணையும். அணைந்ததும் இருட்டென்று மீண்டும் எரியும். சென்சாரைத் திருப்பி வைப்பதே மருந்து.

கோடையில் மட்டும் ஆளைக் கண்டுகொள்வதில்லை என்ற புகார் அக்கினி நட்சத்திரக் காலத்தில் வழக்கமாக வரும். அது பழுதல்ல. சென்சார் காண்பது உடலின் வெப்பத்துக்கும் பின்னணியின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை. பகலெல்லாம் காய்ந்த சுவரும் தரையும் முன்னிரவிலும் உடல் சூட்டுக்கு அருகே இருந்தால் அந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது. உணர்திறன் குமிழைச் சற்றுக் கூட்டி, ஆள் சென்சாரை நோக்கி நேராக வராமல் குறுக்கே கடக்கும்படியான கோணத்தில், 2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் வைத்தால் நன்றாக வேலை செய்யும்.

சென்சார் இருந்தாலும் வேண்டும்போது நிலையாக எரியவைக்க, போர்டில் இன்னொரு சுவிட்ச் வைத்து அதன் வெளிமுனையை நேரே விளக்கின் ஃபேஸ் முனைக்குக் கொடுக்கலாம். சென்சாருக்கு வரும் ஃபேஸும் இந்த சுவிட்சின் ஃபேஸும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அறிகுறி: வீட்டுக்குள்ளும் ஷெட்டிலும் இரு சுவிட்ச் வைத்தும், ஒன்று சரியான நிலையில் இருந்தால்தான் மற்றொன்று வேலை செய்கிறது

இருவழி சுவிட்சின் மூன்று முனைகளில் பொது முனை எது என்று பார்க்காமல் இணைத்திருக்கிறார்கள். பொது முனை பெரும்பாலும் நடுவில் இருக்கும். சுவிட்சின் பின்பக்கக் குறியைப் பார்த்து உறுதி செய்யலாம். ஒரு சுவிட்சின் பொது முனையில் ஃபேஸ், மற்றதன் பொது முனையில் விளக்குக்குப் போகும் ஒயர், ஒரு சுவிட்சில் எஞ்சிய இரண்டு முனைகளும் மற்ற சுவிட்சில் எஞ்சிய இரண்டு முனைகளோடு தனித்தனி ஒயரில் என்று மாற்றினால் போதும்.

அறிகுறி: மழை பெய்தால் மட்டும் கோளாறு

வெயில் நாளில் எல்லாம் சரியாக இருந்து, ஐப்பசி மழை தொடங்கியதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், தண்ணீர் நுழையும் வாயிலைத் தேடுங்கள். ஐ.பி. 65 (தூசியும் நீரும் புகாமல் காக்கும் தரக் குறி) என்று விளக்கின் மேல் எழுதியிருப்பது விளக்குக்கு மட்டுமே பொருந்தும். அதிலிருந்து வெளியே தொங்கும் ஒரு சாண் ஒயரை நீங்கள் எங்கே, எப்படி ஒட்டினீர்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது. அந்த ஒட்டு, கேபிள் கிளாண்டு (ஒயர் நுழையும் துளையை இறுக மூடும் திருகு மூடி) உள்ள மூடிய பாக்ஸுக்குள் இருக்க வேண்டும். ஒயர் பாக்ஸின் மேல்பக்கமாக நுழையக் கூடாது. கீழ்ப்பக்கமாக, நுழைவதற்கு முன் ஒருமுறை தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். அப்போது ஒயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

பாக்ஸைச் சுற்றி சிலிக்கான் பூசும்போது மேல்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் பூசிவிட்டு அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால், இரவில் குளிர்ந்து வேர்க்கும் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் ஆர்.சி.சி.பி.யை விழவைக்கும். ஏற்கெனவே நனைந்த பாக்ஸைத் திறந்து, துடைத்து, பச்சை பூத்த முனைகளை வெட்டிப் புது கனெக்டர் போட்டு, ஒரு பகல் வெயிலில் உலரவிட்டு, மெக்கரில் 1 மெகா ஓமுக்கு மேல் காட்டிய பிறகே மூடுங்கள்.

மூடியதும் அன்று இரவே இரண்டு சுவிட்சுகளையும் நான்கு விதமாகவும் போட்டுப் பாருங்கள்: முன்விளக்கு மட்டும், பக்கத்து விளக்கு மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாமல். பிறகு ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு, எந்த சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று போர்டின் மேலும், எந்த எம்.சி.பி. ஷெட்டுக்கு என்று டி.பி. கதவின் உள்பக்கத்திலும் எழுதி ஒட்டுங்கள்.